காட்டுமன்னார்கோயில் கண்டக்டர் ஒட்டகச்சிவிங்கி பார்த்த கதை

நிற்கிற வண்டியைப் பார்த்தாலே தேவநாதனுக்கு உடம்பு எரியும். அது அவருடைய வண்டியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எவனோ ஒருவன் ரோட்டோரமாக லாரியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தால், இவர் எதிர்ப்பக்கம் நின்று, "இன்னாத்துக்கு நிக்கிறான் இவன்?" என்று பல்லைக் கடிப்பார். காட்டுமன்னார்கோயிலுக்கும் சிதம்பரத்துக்கும் ஓடிய தனியார் பஸ்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் கண்டக்டராக நின்ற உடம்பு அது. லால்பேட்டையில் ஏற்றி, குமராட்சியில் இறக்கி, பின்னால் வருகிற போட்டி வண்டிக்கு ஒரு ஆள்கூட மிச்சம் வைக்காமல் அள்ளிக்கொண்டு போவது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த தர்மம்.

அவர் வண்டியில் யாரும் நிதானமாக ஏறியது கிடையாது. கோழிக்கூண்டோடு வருகிறவர் முதலில் கூண்டை உள்ளே எறிந்துவிட்டு அப்புறம் ஓடிவந்து தொற்றிக்கொள்வார். ஒரு முகூர்த்த நாளில் மாப்பிள்ளையையே படியில் தொங்கவிட்டுக் கொண்டுபோய்த் தாலி கட்ட இறக்கிவிட்டார் என்று குமராட்சிப் பக்கம் இன்னும் சொல்கிறார்கள். கேட்டால் மனுஷன் மறுக்க மாட்டார். "முகூர்த்தம் தவறிச்சா? இல்லல்ல? அப்பறம் என்னா?" என்பார்.

ஒரு விசில் ஊதினால் வண்டி நிற்கும், இரண்டு ஊதினால் கிளம்பும். வாயில் வெற்றிலை இருக்கிற நேரத்தில் விசிலுக்குப் பதில் கை பேசும். வண்டியின் தகரத்தில் 'தட் தட்' என்று இரண்டு அடி, கூடவே ஒரு "ரைட்!" டிரைவர் திரும்பியே பார்க்க வேண்டாம். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அவர் கால் தானாக மிதிக்கும்.

முழங்கால் தகராறு பண்ணியதால் வேலையை விட்டு வீட்டோடு உட்கார்ந்தார். கை கால் உட்கார்ந்ததே தவிரப் புத்தி உட்காரவில்லை. சமையல்கட்டில் குக்கர் இரண்டு விசில் விட்டால் கூடத்திலிருந்து "ரைட், போ!" என்று குரல் வரும். சிதம்பரம் கோயிலில் நடராஜர் சன்னிதி முன்னால் ஜனம் கண்மூடி நின்றுகொண்டிருந்தபோது, "உள்ள போங்க, உள்ள போங்க, முன்னாடி எடம் கெடக்குது பாரு," என்று சத்தம் போட்டுவிட்டார். தீபாராதனை காட்டிக்கொண்டிருந்த தீட்சிதரே திரும்பிப் பார்த்தார். கொளஞ்சியம்மாளுக்கு மானம் போய்விட்டது.

கொளஞ்சியம்மாள் அவர் மனைவி. பெண்ணாடத்துக்காரி. புருஷனுக்கு நேர் எதிர். எதையும் ஆற அமரப் பார்க்கிறவள். காய் வாங்கப் போனால் கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, வேண்டாததையும் ஆசையாகப் பார்த்து, கடைக்காரருக்குக் கொட்டாவி வந்தபிறகுதான் பையை நீட்டுவாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் டிவியில் காட்டு மிருகங்களைப் பற்றித் தமிழில் பேசுகிற சேனலைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். சிங்கம் வந்தால் அவளுக்கு ஆகாது. "திங்கும், தூங்கும். இதுக்கு ராஜான்னு பேரு வேற," என்று மாற்றிவிடுவாள். ஒட்டகச்சிவிங்கி வந்துவிட்டால் மட்டும் கையிலுள்ள வேலை அப்படியே நின்றுபோகும். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தால் காம்பும் இலையும் சேர்ந்தே சட்டியில் விழும்.

"எவ்ளோ ஒசரம் பாருங்க. அவ்ளோ ஒசரத்துலேர்ந்து யாரையாவது எளப்பமா பாக்குதா? யாரு வம்புக்கும் போவாம, சாமி பொறப்பாடு மாதிரி அசைஞ்சு அசைஞ்சு போவுது," என்பாள்.

"அது போவுற வேகத்துக்கு லால்பேட்டை தாண்ட ரெண்டு நாளாவும்," என்பார் தேவநாதன்.

அந்த அம்மாளுக்கு வாழ்க்கையில் ஆசை என்று பெரிதாக எதுவும் கிடையாது. நகை கேட்டதில்லை, காசி ராமேஸ்வரம் கேட்டதில்லை. இது ஒன்றுதான். கம்பி இல்லாமல், கூண்டு இல்லாமல், அது பிறந்த மண்ணில் அது பாட்டுக்கு நடப்பதை ஒருதடவை கண்ணாரப் பார்த்துவிட வேண்டும். முன்பு ஒருமுறை வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போனார்கள். யானைக்கும் நரிக்கும் நடுவிலேயே, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வா வா," என்று அவளைத் திருப்பி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார் மனுஷன். அதற்குமேல் என்ன இருந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அப்படிப்பட்டவளுக்கு ஆப்பிரிக்காவே வாசலில் வந்து நின்றது. மகள் இளவரசியும் மருமகன் அன்பரசுவும் கென்யாவில் நைரோபி நகரத்தில் வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவன் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன். மூன்று வாரம் வந்து இருந்துவிட்டுப் போங்கள் என்று மகள் போனில் கூப்பிட்டாள்.

"அங்க ஒட்டகச்சிவிங்கி இருக்குதாடி?" என்று கேட்டாள் கொளஞ்சியம்மாள்.

"மொதல்ல நான் எப்படி இருக்கன்னு கேளும்மா," என்றாள் இளவரசி.

கிளம்புவதற்கு முந்தின நாள் கொளஞ்சியம்மாள் புருஷனுடைய பெட்டியைத் திறந்து துணிகளுக்கு நடுவில் கையை விட்டாள். நினைத்தது சரிதான். வேட்டி மடிப்புக்குள் விசில் இருந்தது. அதை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "மிருகங்க இருக்குற எடம். அங்க வந்து ஊதித் தொலைக்காதீங்க," என்றாள். விசிலைப் பிடுங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தாள் பாவம்.

நைரோபியில் தேவநாதனுக்கு முதல் நாளே சொர்க்கம் தெரிந்தது. மட்டாட்டு என்று அங்கே ஒரு வண்டி ஓடுகிறது. நம்ம ஊர் வேனை விடக் கொஞ்சம் பெரிசு, உடம்பெல்லாம் வண்ணப்படம், உள்ளே காதைப் பிளக்கிற பாட்டு. அதன் கதவில் ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டு ஒரு கண்டக்டர் ஆளைக் கூவிக் கூவி ஏற்றுகிறான். ஏற்றி முடித்ததும் தகரத்தில் 'தட் தட்' என்று இரண்டு அடி. வண்டி பறக்கிறது.

"கொளஞ்சி! இங்க வா, ஓடியா! நம்ம ஆளுங்கடி!" என்று பால்கனியிலிருந்து கத்தினார் தேவநாதன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவருக்கு. அன்றிலிருந்து காலைக் காபியும் பால்கனியில்தான், மாலைக் காபியும் பால்கனியில்தான். எவன் நன்றாக ஆள் ஏற்றுகிறான், எவன் சோம்பேறி என்று தெருவுக்கே மார்க் போட்டுக்கொண்டிருந்தார்.

ஊருக்குத் திரும்பும் வாரத்தில்தான் அன்பரசுவுக்கு லீவு கிடைத்தது. இளவரசிக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. அதனால் மாமனாரையும் மாமியாரையும் அவன் மட்டும், மிருகங்கள் திறந்தவெளியில் இஷ்டத்துக்குத் திரிகிற மாசாய் மாராவுக்கு அழைத்துப் போவது என்று முடிவாயிற்று. சனிக்கிழமை போய், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சுற்று பார்த்துவிட்டுக் கிளம்பி, அன்றிரவே சென்னைக்கு விமானம் ஏற வேண்டும். ஒட்டகச்சிவிங்கி பார்க்க இருந்தது ஒரு சாயங்காலமும் ஒரு காலையும்தான்.

வாடகை வேன் வாசலில் வந்து நின்றதும் தேவநாதன் ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் தோள் துண்டை எறிந்து முன் சீட்டைப் பிடித்தார்.

"மாமா, நம்ம மூணு பேரு மட்டுந்தான் போறோம். வண்டி பூரா நமக்குத்தான்," என்றான் அன்பரசு.

"இருக்கட்டும் மாப்ள. எதுக்கும் பிடிச்சு வச்சுக்கறது நல்லது."

டிரைவர் கமாவ் அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். நடுத்தர வயது, அகலமான தோள். அவருக்கு இங்கிலீஷும் அவர்கள் ஊர்ப் பாஷையும் தெரியும். தேவநாதனுக்கு ஸ்டாப், ரைட், நோ சேஞ்ச் தெரியும். அது போதுமாக இருந்தது.

மாராவுக்குள் நுழைந்ததும் கமாவ் வேனின் கூரையைத் தூக்கி நிறுத்தினார். எழுந்து நின்று தலையை வெளியே நீட்டிப் பார்க்கலாம். பாதை மேடும் பள்ளமுமாகத் தூக்கிப் போட்டது. அன்பரசு இரண்டு தடவை மண்டையை இடித்துக்கொண்டான். கொளஞ்சியம்மாள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தேவநாதன் மட்டும் எதையும் பிடிக்காமல் காலை அகட்டி நடுவில் நின்றார். வண்டி இப்படிச் சாய்ந்தால் அவர் அப்படிச் சாய்ந்தார். முழங்கால் வலி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்த கமாவ், உங்கள் மாமனார் கப்பலில் வேலை பார்த்தவரா என்று அன்பரசுவிடம் கேட்டார்.

நிற்கத் தெரிந்ததே ஒழியப் பார்க்கத் தெரியவில்லை மனுஷனுக்கு. யானைக் கூட்டம் வந்தது. "பாத்தாச்சா? போலாம்." வரிக்குதிரை வந்தது. "பாத்தாச்சு, ரைட், போலாம்." எருமை வந்தபோது கமாவ் வண்டியை நிறுத்தும் முன்பே, "இது நம்ம ஊருல இல்லாததா? எடு எடு," என்றார். ஒரு மர நிழலில் சிங்கம் படுத்திருந்தது. சுற்றி ஏழெட்டு வண்டிகள் நின்று, வெள்ளைக்காரர்கள் மூச்சுக்கூட விடாமல் கேமராவோடு தவம் கிடந்தார்கள். சிங்கம் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

"நான் சொல்லல?" என்றாள் கொளஞ்சியம்மாள். "நேர்ல வந்தும் தூங்கிகிட்டுத்தான் கெடக்குது. மாப்ள, ஒட்டகச்சிவிங்கி எங்க இருக்குதுன்னு அவர கேளுங்க."

இங்கே அது நிறைய உண்டு, இப்போது பார்த்துவிடலாம் என்றார் கமாவ். அந்த 'இப்போது' வரவே இல்லை. அன்றைக்கென்று ஒன்றைக்கூடக் காணோம். வெயில் சாய்ந்தது. புழுதி அப்பியதால் கொளஞ்சியம்மாள் தூரப்பார்வைக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பைக்குள் வைத்தாள். இருட்டுவதற்குள் தங்குமிடம் போய்ச் சேர வேண்டும் என்பதால் கமாவ் வண்டியைத் திருப்பினார்.

திருப்பிய திருப்பத்தில் அவை நின்றன. முள்மரம் ஒன்றை நடுவில் வைத்து மூன்று ஒட்டகச்சிவிங்கிகள், இதோ கைக்கெட்டுகிற தூரம் என்று சொல்லலாம். கமாவ் சத்தமில்லாமல் வண்டியை நிறுத்தினார். "அத்தை!" என்று கிசுகிசுத்தான் அன்பரசு. "எங்க? எங்க? ஐயோ, என் கண்ணாடி!" என்று கொளஞ்சியம்மாள் குனிந்து பைக்குள் கையை விட்டாள். முறுக்கு வந்தது, தைலம் வந்தது, கண்ணாடி வரவில்லை.

தேவநாதன் பார்த்தார். முதலில் கால்தான் தெரிந்தது. கண் மேலே ஏறியது, ஏறிக்கொண்டே போயிற்று, அதற்கும் மேலே கழுத்து, அதற்கும் மேலே அந்த முகம். நீளமான இமையோடு இரண்டு கண்கள், "யாருய்யா நீ?" என்று கேட்காமல் கேட்டன. சாயங்கால வெயில் அதன் தோலில் பட்டுக் கட்டம் கட்டமாக மின்னியது. எம்மாடியோவ்! பெண்டாட்டி இத்தனை வருஷமாகச் சொன்னது இதைத்தானா! மனுஷனுக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. உள்ளே எதுவோ பொங்கியது. அப்படிப் பொங்கினால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது, ஆனால் கைக்குத் தெரிந்திருந்தது. அது பாட்டுக்குப் போய் வேனின் தகரத்தில் விழுந்தது.

தட் தட். "ரைட்!"

வேன் அம்பாகப் பாய்ந்தது. அன்பரசு சாப்பாட்டுப் பெட்டியின்மேல் உட்கார்ந்தான். கொளஞ்சியம்மாள் பையோடு சீட்டுக்கு அடியில் போனாள். ஒட்டகச்சிவிங்கிகள் மிரண்டு, அந்த நெட்டைக் கால்களை வீசிப் போட்டுக்கொண்டு ஓட்டம் பிடித்தன. கமாவ் பிரேக் போட்டு வண்டி நின்று, கொளஞ்சியம்மாள் ஒருவழியாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து பார்த்தபோது, அங்கே புழுதிதான் இருந்தது. புழுதிக்கு அந்தப்பக்கம் வால் மாதிரி ஏதோ ஒன்று தெரிந்து மறைந்தது.

கமாவ் தலையில் கையை வைத்துக்கொண்டார். அவரும் முன்பு பன்னிரண்டு வருஷம் நைரோபியில் மட்டாட்டு ஓட்டியவராம். பின்னாலிருந்து இரண்டு அடி விழுந்தால் தன் காலைத் தன்னால் பிடித்து நிறுத்த முடியாது என்று வெட்கத்தோடு சொன்னார். அன்பரசு மொழிபெயர்த்தான். இன்னொரு சமயமாக இருந்தால் தேவநாதன் அந்த மனுஷனைக் கட்டிப்பிடித்திருப்பார். இப்போது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கொளஞ்சியம்மாள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தங்குமிடத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது சப்பாத்தியை நாலாகக் கிழித்தாள், எட்டாகக் கிழித்தாள். அப்புறம் மருமகனைப் பார்த்து ஆரம்பித்தாள்.

"இளவரசி கைக்கொழந்த மாப்ள. எங்க அம்மா வீட்லேர்ந்து கெளம்பி, குமராட்சியில சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டு பஸ்ஸுக்கு வர்றேன். இடுப்புல கொழந்த, கையில பலாப்பழம். ஒங்க மாமா வண்டி நிக்குது. நான் ஓடியாறேன். படியில நின்னுகிட்டு என்னைப் பாக்குறாரு. நல்லா பாக்குறாரு. பாத்துட்டு ரெண்டு விசில் ஊதுறாரு."

"பின்னாடி போட்டி வண்டி வந்துட்டான்," என்றார் தேவநாதன் தட்டைப் பார்த்தபடி.

"ஆமாம், வந்துட்டான். அதுலதான் நான் ஏறினேன். அந்தக் கண்டக்டர் சிங்காரம், 'வாங்க அண்ணி'ன்னு பலாப்பழத்த வாங்கி வச்சு, முன் சீட்ல உக்கார வச்சான். அன்னையிலேர்ந்து நான் சிங்காரம் வண்டியிலதான் போறேன், வர்றேன். ஊருக்கே தெரியும். இப்ப இங்க வந்தும் ரெண்டு தட்டு தட்டி வெரட்டியாச்சு. நான் வர்ற வரைக்கும் எதுவுமே நிக்கக் கூடாது இவருக்கு."

இதுவரை அந்தக் கதையைத் தேவநாதன் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் சிரித்துக்கொண்டே சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். கொளஞ்சியம்மாள் சிரித்தாளா என்று அவர் ஒருநாளும் கவனித்ததில்லை. அது அப்போதுதான் உறைத்தது. நாளைக் காலை இவள் அதைப் பார்க்காமல் விமானம் ஏறிவிட்டால், அப்புறம் இந்த ஜென்மத்தில் இவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நிஜமாகவே பயந்தார்.

காலையில் வேனில் ஏறியதும் அவரே தோளிலிருந்து துண்டை எடுத்து நீட்டினார். "கட்டிடு கொளஞ்சி."

"என்னத்த?"

"கையத்தான். எனக்கே எம்மேல நம்பிக்கை இல்ல. அது பாட்டுக்குத் தட்டிடும்."

வேறு பெண்ணாக இருந்தால், அட போங்க என்றிருப்பாள். கொளஞ்சியம்மாள் வாங்கி, இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து வைத்து, ஆற அமர மூன்று முடிச்சுப் போட்டாள். இழுத்தும் பார்த்துக்கொண்டாள்.

கமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது என்ன என்று அன்பரசுவிடம் ரகசியமாகக் கேட்டார். அன்பரசு பாவம், என்ன சொல்வான்? வேண்டுதல், எங்கள் ஊர் வழக்கம் என்று சொல்லிவைத்தான். கமாவ் மரியாதையோடு தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டார். வேன் கிளம்பியது. கை கட்டப்பட்டு, கூரைக்கு வெளியே தலை நீட்டி, எதையும் பிடிக்காமல் விறைப்பாக நின்றுகொண்டு போகிற பெரியவரைப் பார்த்து எதிரே வந்த வண்டிகள் நின்றன. சிங்கத்தைப் படம் பிடிக்க வந்தவர்கள் இவரைப் பிடித்தார்கள்.

சுற்றினார்கள், சுற்றினார்கள், கண் பூத்துப்போயிற்று. முந்தின நாள் மரத்தடியில் ஒன்றும் இல்லை. மேட்டில் இல்லை. பள்ளத்தில் காட்டுப்பன்றி வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. "அடுத்த திருப்பத்துல பாருங்க அத்தை," என்று அன்பரசு சொல்லிச் சொல்லி அவனுக்கே அலுத்துவிட்டது. கொளஞ்சியம்மாள், "பரவால்ல மாப்ள, விடுங்க, டிவியில பாத்துக்கறேன்," என்றாள். அந்தப் 'பரவால்ல'வைக் கேட்டதும் தேவநாதன் டிரைவர் பக்கம் குனிந்தார்.

"கமாவு! ப்ளீஸ்!" என்றார். அவருடைய இங்கிலீஷில் அந்த வார்த்தை அன்றுதான் முதல்தடவையாகப் புழக்கத்துக்கு வந்தது.

கமாவ் ரேடியோவை எடுத்து அவர்கள் பாஷையில் யார் யாரிடமோ பேசினார். நடுநடுவே அவரும் சிரித்தார், அந்தப் பக்கமும் சிரித்தது. கை கட்டின பெரியவர் கதை மாரா முழுக்கப் பரவிவிட்டது போலிருக்கிறது. கடைசியில் ஒரு குரல் ஏதோ சொன்னது. கமாவ் வண்டியை ஒடித்துத் திருப்பி ஆற்றோரப் பாதையில் விட்டார்.

அங்கே ஒன்றல்ல, இரண்டல்ல, ஒரு குடும்பமே நின்றது. பெரியதும் சின்னதுமாகப் பத்துப் பதினைந்து இருக்கும். கமாவ் தள்ளியே நிறுத்தி, என்ஜினை அணைத்து, சாவியையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

கொளஞ்சியம்மாள் கண்ணாடியோடு தயாராக இருந்தாள். பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணாடிக்கு உள்ளே தண்ணீர் நிறைந்து எல்லாம் கலங்கலாகத் தெரிய, அவசரமாகக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"நெசமாவே இருக்குதுங்க," என்றாள்.

ஒன்று மரத்தின் உச்சியில் நாக்கை நீட்டி, முள்ளுக்கு நடுவில் இலையை மட்டும் வளைத்து இழுத்தது. கன்னங்கரேல் என்று முழ நீளம் இருந்தது நாக்கு. "நாவப்பழம் தின்ன மாதிரி இருக்குது பாருங்க," என்றாள் கொளஞ்சியம்மாள். இன்னொன்று மென்றுகொண்டே இவர்களை மேலிருந்து பார்த்தது. மென்ற கவளம் அவ்வளவு பெரிய கழுத்தில் இறங்குவது வெளியே தெரிந்தது, இறங்கிக்கொண்டே இருந்தது. "ஐயோ, அது வயித்துக்குப் போயி சேர்றதுக்குள்ள திரும்பப் பசிச்சிடுமே!" இரண்டு இளவட்டங்கள் கழுத்தோடு கழுத்தை மோதி மெதுவாகச் சண்டை போட்டன. ஓங்கி வருவதைப் பார்த்தால் பயமாக இருக்கும், வந்து சேர்வதற்குள் பயம் போய்விடும். ஒன்று தண்ணீர் குடிக்க முன்னங்கால்களை இரண்டு பக்கமும் பரத்திப் பரத்தி, கூச்சத்தோடு குனிந்தது. "மெதுவா, மெதுவா, விழுந்துடாத தாயி," என்று அதற்குத் தைரியம் சொன்னாள்.

தேவநாதன் முதலில் பெண்டாட்டிக்காகத்தான் பொறுமையாக நின்றார். என்ஜின் சத்தமில்லாமல் ஒரு வண்டிக்குள் நிற்பது அவருக்குக் காதை அடைத்தது போலிருந்தது. துண்டுக்குள் விரல்கள் துடித்தன. அப்புறம் எந்த நேரத்தில் என்று தெரியாது, துடிப்பு அடங்கிவிட்டது. ஒரு பெரிய ஒட்டகச்சிவிங்கி நடக்க ஆரம்பித்தது. ஒரு பக்கத்துக் கால் இரண்டும் சேர்ந்து போயின, அப்புறம் மறுபக்கத்துக் கால் இரண்டும். கழுத்து முன்னே போய்ப் பின்னே வந்தது. எங்கேயும் அவசரம் இல்லை, ஆனால் தூரம் என்னவோ கடந்துகொண்டேதான் இருந்தது. சாமி புறப்பாடுதான், சந்தேகமே இல்லை. இவ்வளவு அழகாக ஒன்று உலகத்தில் நடந்துகொண்டிருக்கும்போது நாம் என்னத்துக்கு லால்பேட்டைக்கும் குமராட்சிக்கும் அப்படிப் பறந்தோம் என்று மனுஷனுக்கு விளங்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. சும்மா நின்றுகொண்டே சந்தோஷமாக இருக்க முடியும் என்பது அவருக்குப் புதுசு.

அன்பரசு கடிகாரத்தைப் பார்த்தான். "மாமா, இப்ப கெளம்பினாத்தான் ஃப்ளைட்டுக்குச் சரியா இருக்கும்."

"இருங்க மாப்ள."

"இல்ல மாமா, அஞ்சாறு மணி நேரம் ஓட்டணும்."

"கமாவு ஓட்டுவாரு. மட்டாட்டு ஓட்டின ஆளு. இருங்க."

கூட்டம் பாதையைத் தாண்ட ஆரம்பித்தது. ஒவ்வொன்றாக வேனுக்கு முன்னால் வந்து, ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்தப்பக்கம் போயிற்று. எல்லாம் தாண்டியதும் முன்னால் போன பெரியது நின்றது. அது நின்றதும் மற்றவையும் நின்றன. ஒன்றின் வாயில் பாதி மென்ற இலை அப்படியே தொங்கியது. எல்லாக் கழுத்தும் வந்த வழியே திரும்பியிருந்தன. இந்தப் பக்கம் புதர் நிழலில் ஒரு குட்டி காலை மடக்கிப் படுத்துக்கொண்டு, எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா?" என்றாள் கொளஞ்சியம்மாள். "ஒண்ணு வரலன்னு எல்லாம் நிக்குதுங்க."

சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பவில்லை. குமராட்சி என்ற பேரையும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால்கூடத் தேவலை போலிருந்தது தேவநாதனுக்கு. போட்டி வண்டி, டைமிங், முதலாளி என்று எதையாவது சொல்லித் தப்பித்திருப்பார். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். புழுதி படிந்து, கண்ணீர் இறங்கிய தடம் அப்படியே இருக்க, சின்னப் பெண்ணைப் போல வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முகம்தான் அன்றைக்குப் பலாப்பழத்தோடு ஓடி வந்தது. வெட்கமாக இருந்தது அவருக்கு.

குட்டி எழுந்தது. முன்னங்கால் ஒரு பக்கம் போக, பின்னங்கால் இன்னொரு பக்கம் போக, எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்துக்கொண்டு தத்தித் தத்திப் பாதையைத் தாண்டியது. தாய் குனிந்து அதை முகர்ந்தது. அப்புறம் எல்லாமாகச் சேர்ந்து மேட்டில் ஏறி, கால் மறைந்து, உடம்பு மறைந்து, கழுத்துகள் மட்டும் கொஞ்ச நேரம் வானத்தில் அசைந்து, அவையும் மறைந்தன.

கமாவ் சாவியைப் போட்டார். போட்டுவிட்டுக் கண்ணாடியில் தேவநாதனைப் பார்த்தார். டிரைவர் கண்டக்டரைப் பார்க்கிற பார்வை அது. எந்த ஊராக இருந்தாலும் அது ஒன்றுதான்.

"என்னைப் பாக்காதய்யா," என்றார் தேவநாதன் தமிழிலேயே. கட்டிய கையை மனைவி பக்கம் நீட்டிக் காட்டினார். "அவுங்களக் கேளு. அவுங்க சொன்னாத்தான் வண்டி எடுக்கணும்."

கமாவுக்குப் புரிந்தது. மூன்று ஆண்களும் கொளஞ்சியம்மாளைப் பார்த்தார்கள்.

கொளஞ்சியம்மாள் கூரை விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். எதிரே ஒட்டகச்சிவிங்கி ஒன்றுகூட இல்லை, ஒரு குருவிகூட இல்லை. வெறும் புல்தான் காற்றில் சாய்ந்து நிமிர்ந்தது. அந்த வெறும் புல்லை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் ஆற அமரப் பார்த்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அன்பரசு வாயைத் திறந்தான். மாமனார் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டான். கொஞ்சம் பொறுத்துப் பயந்துகொண்டே சொன்னான்.

"அத்தை, எல்லாம் போயிடுச்சே."

"தெரியுது மாப்ள," என்றாள் கொளஞ்சியம்மாள். "வண்டி நிக்கட்டும்."